விசேஷம் ஏதும் இல்லாத ஒரு நாள்: சிறு குழந்தைகளோடு வீட்டில் இருக்கத் தொடங்குவோருக்கு

ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையோடு பகல் முழுதும் வீட்டில் தனியாக இருக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதவிக்கு வந்திருந்த அம்மா ஊருக்குத் திரும்பியபின் முதல் திங்கட்கிழமையை நினைத்துக் கலங்கும் இளம் தாய், மனைவி வேலைக்குத் திரும்பியதால் பகல் பொறுப்பை ஏற்றுக்கொண்ட தகப்பன், பேரனைப் பார்த்துக்கொள்ள நகரத்துக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டி என எல்லோருக்கும் இது பொருந்தும்.

பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் திட்டம் போட்டுத் தரப் பலர் இருக்கிறார்கள். எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகளால் ஆனதுதான்.

நான் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவள். எங்கள் வீடு திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. தோட்டம் இல்லை, சின்னப் பால்கனியும் பொது மொட்டை மாடியும் உண்டு. நான் சொல்வதெல்லாம் அந்த அளவு இடத்துக்குள், பெரிய செலவில்லாமல் நடப்பவை. அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: நாளின் வரிசை மாறாமல் இருக்கட்டும், வேகத்தைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் வீடு

நாளின் அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் “தொடாதே”, “ஏறாதே”, “அதை எடுக்காதே” என்ற மூன்று சொற்கள்தான். அவற்றைச் சொல்ல வேண்டிய தேவையையே குறைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். தரையில் உட்கார்ந்து, முடிந்தால் தவழ்ந்து, ஒவ்வொரு அறையையும் குழந்தையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது தெரியாத மேசை விளிம்பும் தொங்கும் ஒயரும் கட்டிலுக்கடியில் கிடக்கும் நாணயமும் அப்போதுதான் கண்ணில் படும்.

இவற்றில் சமரசம் வேண்டாம்: குளியலறையில் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தலைகுப்புற விழும் சிறு குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. வாளியைக் காலியாக வைத்து, குளியலறைக் கதவை மேல் தாழ்ப்பாள் போட்டு மூடுங்கள். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். குழந்தை அந்த பாட்டிலைத்தான் அடையாளம் காணும், உள்ளே இருப்பதை அல்ல. தாத்தா பாட்டியின் மாத்திரைகள் பூட்டிய அலமாரிக்குப் போகட்டும். ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் உள்ள பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது. பால்கனிக் கம்பிக்கு அருகே நாற்காலி, ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண் 108, பக்கத்து வீட்டுக்காரர் எண், குழந்தை மருத்துவர் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் சமையலறையின் கீழ்த்தட்டு ஒன்றை முழுதாகக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளர், மூடி, மரக்கரண்டி, சல்லடை, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் அங்கே இருக்கட்டும். அந்தத் தட்டில் கேட்டு எடுக்க வேண்டியதே இல்லை. நீங்கள் சமைக்கும் ஒரு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்

“9 மணிக்குக் குளியல், 9.30-க்கு வரைதல், 10-க்குக் கதை” என்று காகிதத்தில் அட்டவணை போட்டால் முற்பகலுக்குள் அது கிழிந்துவிடும். சிறு குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பது மட்டும் மிக நன்றாகத் தெரியும். ஆகவே நேரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதல், பால், காலை உணவு, வீட்டு வேலை, குளியல், விளையாட்டு, மதியச் சாப்பாடு, தூக்கம், சிற்றுண்டி, வெளியே, இரவுச் சாப்பாடு, படுக்கை: இது எங்கள் வரிசை. உங்கள் வீட்டில் குளியல் முதலில் வரலாம். எதுவாயினும் ஒரு வாரம் மாற்றாமல் வைத்துப் பாருங்கள். அடுத்து என்ன என்பது தெரிந்த குழந்தை பாதிப் பிடிவாதத்தை விட்டுவிடும்.

தெருவே உங்களுக்கு மணி அடித்துக் கொடுக்கும். காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பிறகு பள்ளி வேனின் ஹாரன், கீரைக்காரம்மாவின் குரல், நண்பகல் பாங்கு, பழைய பேப்பர் வாங்குபவரின் ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக வரும். என் மகள் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டதும் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். நேரத்தைச் சொல்லும்போதும் இவற்றையே பயன்படுத்துங்கள். “இன்னும் ஐந்து நிமிடம்” என்பது மூன்று வயதுக்காரருக்கு வெறும் ஓசை. “குக்கர் மூன்று விசில் அடித்ததும் சாப்பிடலாம்”, “இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்” என்றால் புரிந்துகொள்வார்கள், அந்த இரண்டை அவர்களே எண்ணவும் செய்வார்கள்.

காலையின் முதல் அரை மணி

குழந்தை எழுந்ததும் எடுத்து நிறுத்திப் பல் தேய்க்கக் கூப்பிடாதீர்கள். மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்காருங்கள். தூக்கக் கலக்கத்தோடு அது எதையாவது சொல்லும். பாதி கனவாக இருக்கும், பாதி நேற்று நடந்ததாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். காலையில் வயிறு நிறைவதற்குமுன் மடி நிறைந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தை காலைப் பிடித்துக்கொண்டு அழுவது பெருமளவு குறைகிறது. எங்கள் வீட்டில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது.

இதற்கு நேரம் வேண்டுமென்றால் சமையலில் பாதி வேலை முந்தின இரவே முடிந்திருக்க வேண்டும். காய் நறுக்கி வைப்பது, புளி ஊறப்போடுவது, தேங்காய் துருவி வைப்பது போதும். இட்லி மாவு இருந்தால் இன்னும் நிம்மதி. காலை உணவைக் குழந்தையே கையால் எடுத்துச் சாப்பிடட்டும். இட்லியை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் சிந்துவது ஒரு பிரச்சினையே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மடித்துத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வேலைக்குள் குழந்தையை இழுத்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

புதிதாக வீட்டில் இருக்கத் தொடங்குபவர்கள் நாளை இரண்டாகப் பிரிக்கப் பார்க்கிறார்கள். குழந்தைக்கு ஏதாவது விளையாட்டுக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அந்த நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் குழந்தை எழுந்து வந்துவிடும், வேலையும் நிற்கும், கோபமும் வரும். குழந்தைக்கு உங்கள் வேலைதான் உலகத்திலேயே சுவையான விளையாட்டு. அதிலிருந்து விலக்கி வைக்க வைக்க அதற்குள் நுழையத்தான் பார்க்கும். ஆகவே கூடவே உட்கார வையுங்கள். அரை மணி வேலை ஒன்றரை மணி ஆகும், ஆகட்டும். அந்த ஒன்றரை மணி நேரமும் இருவருக்கும் நல்ல நேரமாகக் கழிந்திருக்கும்.

கீரை ஆய்வதில் தொடங்குங்கள். தரையில் முறத்தையோ தாம்பாளத்தையோ வைத்து எதிரெதிரே உட்காருங்கள். முளைக்கீரை, சிறுகீரை போன்றவை சின்னக் கைக்கு ஏற்றவை. தண்டு வேறு, இலை வேறு என்று பிரிக்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை வாங்கினால் இரவே அதை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்துக் குழந்தையிடம் கொத்தைக் கொடுத்து உதறச் சொன்னால் இலைகள் தாமாகவே பொலபொலவென்று கொட்டும். இலை இலையாக உருவிக்கொண்டிருந்த காலம் போய், அந்தக் கொட்டுவதைப் பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை அடிக்கடி வாங்கப்படுகிறது.

பச்சைப் பட்டாணி, மொச்சை உரிப்பது மூன்று வயதுக்கு மேல் நல்ல வேலை. உரிக்கும் நேரம் முழுதும் அருகிலேயே இருங்கள். பட்டாணியை மூக்கில் நுழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகும் குழந்தைகள் நிறைய. நுழைத்துவிட்டால் வீட்டில் குச்சி, கொண்டை ஊசி கொண்டு எடுக்க முயலாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

ஒன்றரை வயதுக் குழந்தையால் என்ன முடியும் என்று கேட்கிறீர்களா? எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும். வெங்காயத்தை ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அழுக்குத் துணியை இயந்திரத்துக்குள் போடச் சொல்லுங்கள். உலர்ந்த கைக்குட்டையை அப்பாவின் அலமாரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நான்கு வயதில் துணி மடிக்கலாம், காலுறைகளை ஜோடி சேர்க்கலாம், சாப்பிடும் ஆட்களுக்குத் தட்டு எண்ணி வைக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். சப்பாத்தி பிசைகிற நாளில் ஒரு சின்ன உருண்டையை ஒதுக்கிக் கொடுங்கள். அது பாம்பாகும், இட்லியாகும், பிள்ளையாராகும், கடைசியில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகும். ஓர் உருண்டை மாவுக்கு அரை மணி அமைதி என்பது நல்ல வியாபாரம்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகளை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஆய்ந்த கீரை அன்றைய கூட்டில் சேர வேண்டும், சாப்பிடும்போது “இது தம்பி ஆய்ந்த கீரை” என்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். அடுத்து, குழந்தை மடித்த துணியை அதன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிக்கக் கூடாது. கோணலாகவே அலமாரிக்குள் போகட்டும்.

வாசலில் கோலம் போடுவதும் இதில் சேரும். அரிசி மாவிலேயே போடுங்கள். பெரியவர் போடும் கோலத்துக்குப் பக்கத்தில் குழந்தைக்கென்று ஒரு சதுர அடி இடம் கொடுத்தால் அதில் அது இழுக்கும் கோடுகள் எதுவானாலும் கோலம்தான். சற்று நேரத்தில் எறும்புகள் வரும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவை மாவைத் தூக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள். எங்கே போகின்றன, ஏன் ஒரே வரிசையில் போகின்றன, எதிரில் வருகிற எறும்போடு என்ன பேசுகின்றன என்று கேள்விகள் வரும். உடனே விடை சொல்லத் தேவையில்லை. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேளுங்கள், வருகிற பதில்கள் நாள் முழுதும் நினைத்து மகிழ வேண்டியவை.

விளையாட்டில் உங்கள் இடம்

வேலை முடிந்து குளிப்பாட்டியதும் இருபது நிமிடம் முழுதாகக் குழந்தைக்கு. நீங்கள் தரையில் உட்கார வேண்டும், கையில் எதுவும் இருக்கக் கூடாது, என்ன விளையாடுவது என்று அது சொல்ல வேண்டும். சொப்புச் சாமானில் காபி கொடுத்தால் குடியுங்கள், சூடு என்றால் ஊதிக் குடியுங்கள். “இது என்ன நிறம்? இதில் எத்தனை இருக்கிறது?” என்று பாடம் நடத்த வேண்டாம். இந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு நீங்கள் எழுந்தால் குழந்தை பெரும்பாலும் தொடர்ந்து தானே விளையாடும்.

பொம்மைகள் அதிகமாக இருந்தால் அதுவே இடைஞ்சல். பாதியை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, வாரம் ஒருமுறை மாற்றி இறக்குங்கள். வாங்குவதானால் மரச் சொப்பு வாங்குங்கள். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் அடுப்பும் அம்மியும் குடமும் பல ஆண்டுகள் உழைக்கும், அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போகும். அதுவும் இல்லையென்றால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி போதும். இரண்டு நாற்காலிக்கு நடுவே பழைய பருத்திச் சேலையைக் கட்டினால் வீடு. அதற்குள் உட்கார்ந்து அவல் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வெளியே எந்த ஊரும் தேவையில்லை.

பல்லாங்குழியை நான்கு வயதில் அறிமுகப்படுத்தலாம். சோழி, புளியங்கொட்டை எல்லாம் வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அது தூங்கும் நேரத்தில் மட்டும் விளையாடுங்கள். கோடைக்காலத்தில் ஓர் அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றிக் கரண்டியும் டம்ளரும் கொடுத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வாசல் மணி அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

“எனக்குப் போரடிக்கிறது” என்று ஐந்து வயதுக்காரர் சொன்னால் பதறிப்போய் ஏதாவது ஏற்பாடு செய்யாதீர்கள். “சரி, பக்கத்தில் வந்து உட்கார்” என்று மட்டும் சொல்லுங்கள். சற்று நேரம் முனகும், சன்னலைப் பார்க்கும், பிறகு எழுந்து போய்த் தலையணைகளை அடுக்கத் தொடங்கும். நீங்கள் நுழையாமல் இருந்தால் அங்கே ஒரு ரயில் கிளம்பும்.

சாப்பாடும் மதியத் தூக்கமும்

மதியத்துக்குப் பருப்புச் சாதமும் நெய்யும், ஒரு காய், முடிவில் தயிர்ச் சாதம். இதற்குமேல் ஒரு சாதாரண நாளுக்கு எதுவும் வேண்டாம். காரம் சேர்க்குமுன் பிள்ளைகளுக்கான பங்கை எடுத்துவிட்டால் தனிச் சமையல் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதைக் குழந்தையின் வயிறு சொல்லட்டும். நேற்று இரண்டு கிண்ணம் சாப்பிட்ட பிள்ளை இன்று நான்கு வாயோடு நிறுத்தும். உடம்பு நன்றாக இருந்து, விளையாட்டும் குறையாமல் இருந்தால் துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டியதில்லை. கைபேசியைக் காட்டி ஊட்டுவதை மட்டும் தொடங்கவே தொடங்காதீர்கள். வாயில் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்பதையே குழந்தை அறியாமல் போகும், பிறகு அதை விடுவிக்க மாதங்கள் ஆகும். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, அது வந்து தின்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது நம் வீடுகளில் என்றும் இருக்கும் வேடிக்கை.

தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மதியம் விட்ட தூக்கம் மாலை ஆறு மணிக்கு அழுகையாகத் திரும்பி வரும். திரையை இழுத்து இருட்டாக்கி, மின்விசிறி போட்டு, தினமும் அதே தாலாட்டைப் பாடி, அதே பாயில் படுக்க வையுங்கள். கைக்குழந்தை இருந்தால் தூளி. நான்கைந்து வயதுப் பிள்ளை தூங்க மறுத்தால் வற்புறுத்தாமல் “பாப்பா தூங்கும் நேரம் நாம் மெதுவாகப் பேசும் நேரம்” என்று வைத்துக்கொண்டு படம் வரையவோ புத்தகம் புரட்டவோ விடுங்கள்.

அவர்கள் தூங்கும்போது நீங்கள் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டுப் படுங்கள் அல்லது உட்காருங்கள். மிச்சப் பாத்திரம் அவர்கள் எழுந்தபிறகும் அங்கேதான் இருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அன்று சட்னி அரைப்பதை அதிகாலையிலேயே முடித்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, பனையோலை விசிறியை எடுத்து வையுங்கள். ஈரத் துணியால் தரையைத் துடைத்து, அந்தக் குளிர்ந்த தரையில் எல்லோரும் படுத்துக் கதை பேசுவது பிள்ளைகளுக்குத் திருவிழா.

மாலை நான்கு முதல் ஏழு வரை

நாளின் கடினமான பகுதி இதுதான். தூங்கி எழுந்த சிணுங்கல், பசி, உங்கள் களைப்பு மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். முதலில் வயிறு. வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், வெல்லம் சேர்த்து நனைத்த அவல், சத்துமாவு உருண்டை இவற்றில் ஒன்று. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் ஐந்து வயதுக்குட்பட்டோரின் மூச்சுக்குழலில் அடைக்கக்கூடியவை. கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுங்கள். உட்கார்ந்துதான் தின்ன வேண்டும், ஓடிக்கொண்டே அல்ல.

பிறகு வெளியே கிளம்புங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் திருச்சியில் ஐந்தரைக்கு முன் மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியாது. மற்ற மாதங்களில் ஐந்துக்கே போகலாம். எங்கள் மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும், ரயில் சத்தம் கேட்கும், கொக்குகள் வரிசையாகக் கூடு திரும்பும். பந்து, கயிறு, சுண்ணாம்புக் கட்டி இருந்தால் போதும். ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடமாவது ஓடியாடி அசைய வேண்டும் என்கிறது முன்பு சொன்ன அதே வழிகாட்டுதல். வீட்டுக்குள் அந்தக் கணக்கு நிறைவது கடினம்.

தெருவில் நடக்கப் போனால் போய்ச் சேரும் இடம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு அடி தூரத்துக்கு அரை மணி ஆகும். வழியில் பூனை இருக்கும், உடைந்த ஓடு இருக்கும், தண்ணீர் ஒழுகும் குழாய் இருக்கும். குழந்தை நிற்கும் இடத்தில் நீங்களும் நின்று அது பார்ப்பதைப் பாருங்கள். அவசரமில்லாமல் நடக்கும் ஒரே மனிதர் தெருவில் நீங்களாக இருப்பீர்கள். அந்தச் சுகத்தை அனுபவியுங்கள்.

தொலைக்காட்சி வேண்டுமா என்றால், இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. என் வழக்கம், இரவுச் சமையலின்போது அரை மணி நேரம், சுவரிலுள்ள பெரிய திரையில், எல்லோரும் பார்க்கும்படியாக. கையில் கைபேசியைக் கொடுப்பதில்லை. கைபேசியில் ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அதைப் பிடுங்குவதில்தான் மாலையின் அமைதி போகிறது.

அழுகை வரும்போது

எவ்வளவு நல்ல நாளிலும் வரும். வந்ததும் இந்த வரிசையில் பாருங்கள்: பசியா, தூக்கமா, புழுக்கமா, ஈரத் துணியா, உடம்பு சூடா, நான் அவசரப்படுத்தினேனா? பெரும்பாலும் முதல் மூன்றிலேயே விடை கிடைக்கும். எதுவும் இல்லாமல் தரையில் விழுந்து புரண்டால் பேச்சைக் குறைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். “கோபமாக இருக்கிறது, தெரிகிறது, நான் இங்கேதான் இருக்கிறேன்” என்பது போதும். புரளும் நேரத்தில் நியாயம் சொல்லிப் பயனில்லை. அடங்கியபின் தண்ணீர் கொடுத்து மடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பிச் சண்டையில் யார் முதலில் தொடங்கியது என்று விசாரணை வைக்காதீர்கள். அடி விழாமல் இருவரையும் பிரித்து இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்காக எப்போதும் பெரியவனே விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அவன் மனத்தில் தங்கிவிடும். அவனுக்கும் நான்கு வயதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கை ஓங்கும் அளவுக்கு உங்களுக்கே கோபம் வந்தால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவி ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குழந்தை இரண்டு நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகாது. பல நாள்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமனஸ் மனநல ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கிறது. தயங்க வேண்டியதில்லை, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும்.

இரவு

ஏழு மணிக்குமேல் வீட்டின் வேகத்தைக் குறையுங்கள். பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கைப் போடுங்கள். பொம்மை எல்லாம் ஒரே கூடைக்குள், எல்லோரும் சேர்ந்து, ஒரு பாட்டு முடிவதற்குள். தனித்தனியாக அடுக்கி வைக்கும் வேலை வேண்டாம். இட்லி அல்லது ரசம் சாதம், பல் தேய்ப்பது, கதை. கேட்ட கதையையே மறுபடி கேட்பார்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சின்ன வயதில் இருந்த வீடு, தாத்தா ஓட்டிய சைக்கிள், மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிய நாள் ஆகியவை அச்சிட்ட எந்தக் கதையையும் வெல்லும்.

பிள்ளைகள் தூங்கியபின் வீட்டிலுள்ள மற்றவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பகல் முழுதும் குழந்தையோடு இருந்தவருக்கு நாளில் அரை மணி நேரமாவது தனியாக வெளியே போய்வரும் உரிமை. இரவில் முடியாவிட்டால் அதிகாலையில். கணவரோ மனைவியோ மாமியாரோ அந்த நேரத்தில் பொறுப்பை முழுதாக ஏற்க வேண்டும், “பால் எங்கே இருக்கிறது?” என்று கைபேசியில் அழைக்கக் கூடாது. நடந்தாலும் சரி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, மாடியில் காற்று வாங்கினாலும் சரி. காய்கறி வாங்குவதை மட்டும் அந்த அரை மணியில் சேர்க்காதீர்கள். அதற்கு மறுநாள் காலை பிள்ளைகளோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.